ஹெரால்டு சேசிஸுக்கு ஒரு டிஃபரன்ஷியல்

நாகப்பட்டினம்

அன்புள்ள செந்திலுக்கு,

டிஃபரன்ஷியல் எஞ்சினின் சுழற்சியைக் குறைத்துப் பின்சக்கரங்களுக்குக் கொடுக்கிறது. வளைவில் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிடக் கூடுதலாகச் சுற்றவும் இடம்விடுகிறது. பழைய சேசிஸ் மேல் புதிதாகப் பாடி கட்டிய ஸ்போர்ட்ஸ் காரில் அது தேய்ந்துபோனால், எந்த மாடலின் பெயரைச் சொல்லி உதிரி கேட்பது என்பதே முதல் சிக்கல். பாடியின் தோற்றம் இதற்கு உதவாது. அடியில் இருக்கும் சேசிஸ் எந்தக் காருடையதோ, அந்தக் காரின் வம்சத்தில்தான் தேட வேண்டும்.

தமிழ்நாட்டிலும் கிளைவிட்ட அப்படியொரு வம்சம் உண்டு. 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டை, 1961 முதல் சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்ற பெயரில் தயாரித்தது. மற்ற கார்களில் பாடியும் சேசிஸும் ஒன்றாகிவந்த காலத்தில் ஹெரால்டுக்குத் தனிச் சேசிஸ் இருந்தது; போல்ட்டுகளைக் கழற்றினால் பாடி தனியே வந்துவிடும். டிரையம்ப் நிறுவனமே அந்தச் சேசிஸைச் சுருக்கி, 1962இல் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தது. இங்கிலாந்தில் கிட் கார் கட்டியவர்கள் பலர் ஹெரால்டைத் தேடிப் போனதும் இதற்காகத்தான்.

அக்காலத்துக் கார்கள் பலவற்றில் டிஃபரன்ஷியல் பின்னச்சுக் குழாயின் நடுவில் இருக்கும். ஹெரால்டில் அது சேசிஸோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கிறது. இருபக்க ஆக்சில்கள் மட்டும் மேலும் கீழும் ஆடும். குறுக்கே போகும் பட்டை ஸ்பிரிங் டிஃபரன்ஷியலின் தலைமேலேயே உட்கார்ந்திருக்கும். ஆகவே பல் விகிதத்துக்கு முன்னால் டிஃபரன்ஷியலின் கூடு பொருந்த வேண்டும். பழைய வகைக் கூட்டில் ஸ்பிரிங்கைப் பிடிக்க ஆறு ஸ்டட். 1970 கடைசியில் வந்த ஸ்பிட்ஃபயர் மார்க் 4 முதல் நான்கு. கியர்பாக்ஸிலிருந்து வரும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் சேரும் ஃபிளாஞ்சின் விட்டத்தையும் துளை இடைவெளியையும் அளந்து எழுதிக்கொண்ட பிறகே கடைக்குப் போவது நல்லது. ஸ்டாண்டர்டு கெசல் 1970களில் வந்த ஹெரால்டின் வாரிசு. எஞ்சினில் சொந்தம், பின்னச்சில் சொந்தமில்லை: கெசலில் இரு சக்கரங்களையும் ஒரே குழாயில் பூட்டிய முழு அச்சு. அதை வாங்கிவந்து ஹெரால்டு சேசிஸில் மாட்ட முயல்வது வீண் வேலை.

அடுத்தது பல் விகிதம். இங்கிலாந்தில் 948 சிசி ஹெரால்டு சலூனுக்கு 4.875, ஹெரால்டு 1200க்கு 4.11, ஸ்பிட்ஃபயரில் மார்க் 3 வரை 4.11, மார்க் 4இல் 3.89, கடைசி 1500இல் 3.63. 4.11 என்றால் பெரிய பல்சக்கரமான கிரவுனில் 37 பல், அதை ஓட்டும் சிறிய பல்சக்கரமான பினியனில் 9 பல். கூட்டைத் திறக்காமலே இதைக் கண்டுபிடிக்கலாம். பினியன் ஃபிளாஞ்சிலும் கூட்டிலும் சாக்பீஸால் கோடு போட்டு, ஒருபக்க ஆக்சில் ஃபிளாஞ்சை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறுபக்கத்தை 20 சுற்றுச் சுற்ற வேண்டும். பினியன் 41 சுற்றுக்குச் சற்று மேலே போனால் 4.11, 39க்குச் சற்று முன்னால் நின்றால் 3.89. இரண்டு சுற்றோடு நிறுத்தினால் இவ்விரண்டின் வித்தியாசம் சிறியதாகவே தெரியும்.

சக்கரம் ஒரு சுற்றில் 1.8 மீட்டர் போவதாக வைத்தால், டாப் கியரில் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு 4.875இல் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 3,600 முறை சுற்றும், 4.11இல் 3,050, 3.63இல் 2,700. நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணியானாலும் திருவாரூரானாலும் ஏற்றமே இல்லாத சமவெளி என்பதால் 4.11 சுகமாக இருக்கும். 3.63 சின்ன எஞ்சினைத் திணறடிக்கும். கடற்காற்று எதிரே அடித்தாலே மூன்றாம் கியருக்கு இறங்க வேண்டிவரும். ஸ்பீடோமீட்டர் கியர்பாக்ஸிலிருந்து ஓடுவதால் அதன் கணக்கும் மாறும்: 4.875ஐ எடுத்துவிட்டு 4.11 போட்டால், வண்டி 80இல் போகும்போது முள் 67 காட்டும்.

பழைய டிஃபரன்ஷியலைச் சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் தேடும்போது, ஆயில் அடைப்பானைத் திறந்து விரலை விட்டுப் பார்ப்பதே முதல் சோதனை. மோர் நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, பேரிங் துருப்பிடித்திருக்கும். மினுமினுப்பு ஒட்டினால் பல் உதிர்கிறது. கிரவுனும் பினியனும் ஜோடியாகவே தேய்த்துப் பொருத்தப்படுபவை. இரண்டு பழைய பெட்டிகளைப் பிரித்து ஒன்றிலிருந்து கிரவுன், மற்றதிலிருந்து பினியன் என்று சேர்த்தால் ஊளைச் சத்தம் போகாது. மெல்லிய ஷிம் தகடுகளை வைத்து, பற்களுக்கிடையே உள்ள தளர்வான பேக்லாஷைச் சரிசெய்வதற்கு டயல் கேஜ் வேண்டும். கை உணர்வை மட்டும் நம்பும் மெக்கானிக்கிடம் இதைக் கொடுக்கக் கூடாது.

இத்தனைக்கும் முன்னால், கோளாறு உண்மையிலேயே டிஃபரன்ஷியலில்தானா என்று பார்த்துவிட வேண்டும். கிளட்ச் விடும்போது மட்டும் ‘டக்’ என்றால் பெரும்பாலும் ப்ரொப்பல்லர் ஷாஃப்டின் யூனிவர்சல் ஜாயிண்டில் உள்ள கிராஸ்தான் தேய்ந்திருக்கும். அதற்கு ஆகும் செலவு சொற்பம். வேகத்தோடு ஏறி, ஆக்சிலரேட்டரை விட்டதும் சுருதி மாறும் ஊளைதான் பல்லின் சத்தம். மாற்றியபின் பினியன் சீலைப் புதிதாகப் போட்டு, ஹைப்பாய்டு பல்லுக்கான 90 நம்பர் ஆயிலை, சமதளத்தில் வண்டியை நிறுத்தி, அடைப்பானின் துளையில் வழியும்வரை ஊற்ற வேண்டும்.

அன்புடன்,
பெரியப்பா