கை பிடித்துக் கற்றுக்கொடுங்கள். மெல்லக் கையை எடுங்கள்!

உங்கள் வீட்டில் ஒன்றாம் வகுப்போ இரண்டாம் வகுப்போ படிக்கும் குழந்தை இருக்கிறதா? அப்படியென்றால் காலை எட்டு மணி நிலவரம் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "பட்டன் போடு, பையை எடு, கிளம்பு" என்று நாலு தடவை சொல்வோம். ஐந்தாவது தடவை நாமே பட்டனைப் போட்டுவிடுவோம். குழந்தை அன்றைக்குக் கற்றுக்கொண்டது என்ன? 'சும்மா நின்னா அம்மாவே போட்டுடுவாங்க' என்பதைத்தான்!

இதை மாற்ற, ஆசிரியர் பயிற்சியில் சொல்லித்தரப்படும் இரண்டு முறைகள் வீட்டிலும் கைகொடுக்கும். ஒன்று வலுவூட்டல், மற்றொன்று தூண்டுதல்.

வலுவூட்டல் என்றால் என்ன?

ஒரு செயலுக்குப் பின் கிடைக்கும் பலன், அதே செயலை மறுபடியும் செய்ய வைத்தால் அதுதான் வலுவூட்டல். அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் (1904–1990) இதை விரிவாக ஆராய்ந்தவர். பலன் என்றவுடன் சாக்லேட், பொம்மை என்று நினைக்க வேண்டாம். தட்டிக்கொடுப்பது, கூட உட்கார்ந்து பத்து நிமிடம் விளையாடுவது, இவையும் பலன்தான். இரண்டு விஷயங்களை மட்டும் மனதில் வையுங்கள்.

* உடனே பாராட்டுங்கள். காலையில் செய்ததற்கு ராத்திரி பாராட்டினால், எதற்கென்று சின்னக் குழந்தைக்குப் புரியாது.
* எது நன்றாக இருந்தது என்று சொல்லுங்கள். வெறும் "சமத்து" போதாது. "மூணு வரியும் கோட்டு மேலேயே எழுதியிருக்கே" என்றால், அடுத்த முறை என்ன செய்யணும் என்று குழந்தைக்குத் தெரியும்.

தெரியாமல் நாம் வளர்க்கும் பழக்கம்

கடையில் குழந்தை அழுகிறது. செல்போனைக் கொடுத்ததும் அழுகை நின்றுவிடுகிறது. 'அழுதால் போன் கிடைக்கும்' என்பது குழந்தைக்குக் கிடைத்த பலன். 'கொடுத்தால் நிம்மதி' என்பது நமக்குக் கிடைத்த பலன். இரண்டு பக்கமும் பழக்கம் பலப்படுகிறது.

நீங்கள் கொடுப்பதை நிறுத்தினால், முதல் சில நாள் அழுகை கூடத்தான் செய்யும். அதற்காக மூன்று நாள் மறுத்துவிட்டு நான்காவது நாள் கொடுத்துவிடாதீர்கள். 'விடாமல் அழுதால் என்றைக்காவது கிடைக்கும்' என்று குழந்தை கற்றுக்கொண்டால், அந்தப் பழக்கத்தை மாற்றுவது இன்னும் கஷ்டம். மறுப்பதோடு நிறுத்தாமல், வேண்டியதைக் கேட்கும் முறையையும் கற்றுக்கொடுங்கள். அழாமல் கேட்ட வேளையில், முடிந்ததை உடனே செய்து கொடுங்கள்.

தூண்டுதல்: படிப்படியாகக் குறையும் உதவி

குழந்தையால் தானாகச் செய்ய முடியாதபோது நாம் கொடுக்கும் சிறு உதவியே தூண்டுதல். பட்டன் போடுவதையே எடுத்துக்கொள்வோம்.

1. குழந்தையின் கை மேல் உங்கள் கையை வைத்துச் சேர்ந்து போடுங்கள்.
2. பழகியதும், நீங்கள் செய்து காட்டுங்கள். குழந்தை பார்த்துச் செய்யட்டும்.
3. பிறகு வாயால் மட்டும் சொல்லுங்கள்: "ஓட்டைக்குள்ளே தள்ளு."
4. அதன் பின் பட்டனை விரலால் காட்டினால் போதும்.
5. கடைசியில் எதுவும் சொல்லாமல் காத்திருங்கள்.

எல்லாப் பட்டனையும் ஒரே நாளில் எதிர்பார்க்க வேண்டாம். மற்றதை நீங்கள் போட்டுவிட்டு, கடைசிப் பட்டனை மட்டும் குழந்தைக்கு விடுங்கள். 'நானே முடிச்சேன்' என்ற சந்தோஷமே பெரிய வலுவூட்டல். அடுத்த வாரம் கடைசி இரண்டை விடலாம்.

படிப்பிலும் இதே கதைதான். 'மரம்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் படம் இருந்தால், குழந்தை எழுத்தைப் பார்க்காமல் படத்தைப் பார்த்தே சொல்லிவிடும். நாமும் 'படிக்கிறான்' என்று நம்பிவிடுவோம். படத்தைக் கையால் மறைத்துப் படிக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் உடனே விடையைச் சொல்லாமல், மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அப்புறமும் வரவில்லை என்றால் "ம..." என்று முதல் எழுத்தை மட்டும் எடுத்துக்கொடுங்கள். நாளாக நாளாக அதையும் நிறுத்துங்கள். நிறுத்தாவிட்டால், உங்கள் முகத்தைப் பார்க்காமல் குழந்தையால் ஒரு சொல்கூடப் படிக்க முடியாது. தேர்வு அறையில் நீங்கள் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள்.

அடி வேண்டாம்

அடித்தால் குழந்தை அந்த நேரத்துக்கு அடங்கும். எதைச் செய்யக்கூடாது என்று தெரியுமே தவிர, எதைச் செய்ய வேண்டும் என்று தெரியாது. புத்தகத்தைப் பார்த்தாலே பயம்தான் வரும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17, பள்ளிகளில் உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது.

உதவி எங்கே கிடைக்கும்?

* குழந்தைக்குக் கற்றலிலோ நடத்தையிலோ தொடர்ந்து சிரமம் இருந்தால் முதலில் வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். வீட்டில் எந்தப் படியில் இருக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். இரண்டு இடத்திலும் ஒரே முறை இருந்தால் பலன் சீக்கிரம் தெரியும்.
* மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு, உங்கள் ஒன்றியத்தின் வட்டார வள மையத்தில் உள்ள சிறப்புப் பயிற்றுநர்களை அணுகலாம்.
* பள்ளிக் கல்வி தொடர்பான சந்தேகங்களுக்கும் புகார்களுக்கும்: 14417.
* குழந்தை துன்புறுத்தப்படுவதாகத் தெரிந்தால்: குழந்தைகள் உதவி எண் 1098.

இந்த வாரம் ஒரே ஒரு செயலைத் தேர்ந்தெடுங்கள். இன்று எவ்வளவு உதவி தேவைப்படுகிறது என்று காலண்டரில் குறித்து வையுங்கள். அடுத்த வாரம் ஒரு படி குறைத்துப் பாருங்கள். தடுமாறினால் ஒரு படி பின்னால் போய்த் திரும்பவும் தொடங்கலாம், அதில் தப்பில்லை.