வலக்கை ஓய்ந்தபோது

நுழையும்முன்

இசையாசிரியர் வாசித்துக் காட்டுவதும் மாணவர் அதனைக் கேட்டுப் பின்பற்றுவதும் உலகெங்கும் உள்ள வழக்கம். வாசித்துக் காட்டக் கை உதவாத நிலையில் ஆசிரியர் என்ன செய்வார்? அமெரிக்கப் பியானோ கலைஞர் லியோன் ஃபிளைஷரின் வாழ்வில் இவ்வினா உண்மையாகவே எழுந்தது.

1928ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நகரில், தொப்பி செய்து விற்பவரின் மகனாகப் பிறந்தார் ஃபிளைஷர். வீட்டில் முதலில் பியானோ பயின்றவர் அவருடைய அண்ணனே. பாடம் முடிந்து அண்ணன் விளையாடச் சென்றதும், அதுவரை கேட்டிருந்த தம்பி அப்பாடத்தைத் தவறின்றி வாசிப்பார். விரைவில் பாடம் தம்பிக்கு உரியதாயிற்று.

பெர்லினில் புகழ்பெற்று விளங்கிய ஆர்தர் ஷ்னாபெல், நாசி ஆட்சியின் காரணமாக ஜெர்மனியை விட்டு நீங்கி, இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் கற்பித்து வந்தார். சிறுவர்களை மாணவராக ஏற்காத அவர், ஃபிளைஷரின் வாசிப்பைக் கேட்டதும் மனம் மாறினார். பயிலுங்காலத்தில் மேடையேறக் கூடாது என்பது மட்டுமே அவர் விதித்த நிபந்தனை. 1938இல் ஒன்பது வயதுச் சிறுவன் கடல் கடந்து கோமோ சென்றான். ஷ்னாபெலின் ஆசிரியர் லெஷெடிட்ஸ்கி. அவருக்கு ஆசிரியர் செர்னி. செர்னியோ பீத்தோவனிடமே பயின்றவர். இத்தகைய மரபில் வந்த அவ்வகுப்பில், ஒருவருக்கு நடக்கும் பாடத்தை ஏனைய மாணவர்களும் உடனிருந்து கேட்பர். விசையை அழுத்துமுன் அவ்வொலியை அகச்செவியால் கேட்டாக வேண்டும் என்பது ஷ்னாபெலின் கோட்பாடு.

1944இல், பதினாறு வயதில், நியூயார்க் பில்ஹார்மோனிக் இசைக்குழுவுடன் ஃபிளைஷர் வாசித்தார். 1952இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் நடந்த எலிசபெத் அரசி இசைப்போட்டியில் முதற்பரிசு பெற்றார். ஜார்ஜ் செல் நடத்திய கிளீவ்லாந்து இசைக்குழுவுடன் அவர் பதிவுசெய்த பீத்தோவன், பிராம்ஸ் படைப்புகள் இன்றும் இசையன்பர்களால் போற்றப்படுகின்றன.

அந்நிலையில்தான், 1964ஆம் ஆண்டளவில், வலக்கையின் கடைசி இரு விரல்களும் உள்ளங்கையை நோக்கி மடங்கத் தொடங்கின. தசைகளை இயக்க மூளை விடுக்கும் ஆணைகளில் நேரும் குழப்பமே இந்நோய். ஃபோகல் டிஸ்டோனியா என்பது அதன் பெயர். அன்று மருத்துவர்களால் அதனை இனங்காண இயலவில்லை. 36 வயதில் மேடை பறிபோயிற்று. மனமுடைந்த அவர் தாடியும் முடியும் வளர்த்து, ஸ்கூட்டரில் சுற்றித் திரிந்த காலமும் உண்டு.

பால்டிமோரின் பீபடி இசைக் கல்விக்கூடத்தில் 1959 முதலே அவர் ஆசிரியர். அதுவரை, மாணவரை விலக்கிவிட்டுத் தாமே அமர்ந்து வாசித்துக் காட்டுவது அவருக்கு எளிதாக இருந்தது. எளிய அவ்வழி இப்போது அடைபட்டது. இனி அனைத்தையும் சொற்களால் உணர்த்த வேண்டும். பியானோவில் இது எளிதன்று. வயலினில் வில்லை இழுத்து ஒரு சுரத்தை வளர்க்கலாம்; பியானோவிலோ சுத்தியல் கம்பியைத் தொட்டு மீண்ட கணமே ஒலி தேயத் தொடங்கிவிடும். தேயும் ஒலியை அடுத்த ஒலியுடன் இணைப்பது விரலன்று, செவியே. ஆதலால், எப்படி வாசிப்பது என்பதற்கு முன், எதனைக் கேட்க விரும்புகிறாய் என்பதே பாடமாயிற்று. கை முடங்கியபின் தாம் மேலும் நல்ல ஆசிரியரானதாக அவரே கருதினார். வாசித்துக் காட்டினால் மாணவர் ஆசிரியரின் நகலாகிவிடக்கூடும் என்பதை நோக்க, அக்கருத்தில் உண்மை இருப்பது புலனாகும். ஆந்த்ரே வாட்ஸ், ஜோனதன் பிஸ் போன்ற அவருடைய மாணவர்கள் தத்தமக்கே உரிய நடையால் அறியப்பட்டனர்.

மேடையையும் அவர் முற்றிலும் துறக்கவில்லை. முதல் உலகப்போரில் வலக்கையை இழந்த பால் விட்கென்ஸ்டைனுக்காக ரவேல் இயற்றிய இடக்கைப் படைப்பை எடுத்துக்கொண்டார், இசைக்குழுக்களையும் நடத்தினார். 1990களில் போட்டுலினம் நச்சை மிகச் சிறிய அளவில் தசையில் செலுத்தும் மருத்துவம் கைகொடுத்தது. நோய் நீங்கவில்லை, விரல்கள் மட்டும் இசைந்து கொடுத்தன. 2004இல் வெளிவந்த அவருடைய இசைத்தட்டின் பெயர் 'இரு கைகள்'. விரல்கள் மீண்டபின்னும் வகுப்பறையை அவர் விடவில்லை. 2020இல் தம் 92ஆம் வயதில், தாம் நெடுங்காலம் கற்பித்த பால்டிமோர் நகரிலேயே காலமானார்.