உள்ளே போனவர் எல்லாம் குற்றவாளியா?

ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ஒரு வீட்டு ஆள் ஜெயிலுக்குப் போனால், கோர்ட்டுக்கு முன்பே தெரு தீர்ப்பு எழுதிவிடுகிறது. கம்பெனியில் வேலை போகிறது. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். அந்தத் தீர்ப்புக்கு அடியில் கிடக்கும் நம்பிக்கைகளை உரசிப் பார்ப்போம்.

நம்பிக்கை: தப்பு செய்யாமலா உள்ளே போடுவார்கள்?

உண்மை: தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி, 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நாலில் மூன்று பேரின் வழக்கில் அப்போது தீர்ப்பே வந்திருக்கவில்லை. நாட்டுச் சிறைகளின் அப்போதைய மொத்தக் கொள்ளளவு 4,36,266. விசாரணைக் கைதிகளை மட்டும் வைத்தாலே கிட்டத்தட்ட முழு இடமும் நிரம்பிவிடும்.

உள்ளூரிலேயே பாருங்கள். 2015 ஜூனில், போலீஸ் விசாரணைக்குப் போய் வந்த ஒரு தோல் தொழிலாளி இளைஞர் இறந்தார்; ஆம்பூரில் கலவரம் வெடித்தது. அந்தக் கலவர வழக்கில் 2025 ஆகஸ்டில்தான் தீர்ப்பு வந்தது. 22 பேர் குற்றவாளிகள். 161 பேர் விடுதலை. பத்து வருஷம் வாய்தாவுக்கு அலைந்து இழந்த கூலியையும் நல்ல பெயரையும் அந்த 161 பேருக்கு யார் திருப்பித் தருவது?

நம்பிக்கை: ஜாமீன் கிடைத்தால் மறுநாளே வெளியே வந்துவிடலாம்.

உண்மை: உத்தரவு வந்தாலும் சூரிட்டி, அதாவது ஜாமீனுக்குக் கையெழுத்துப் போடும் ஆள், வேண்டும். பெரும்பாலும் இரண்டு பேர், கையில் வீட்டு வரி ரசீதோடு. தோல் ஷாப்பில் ஈரத்தோல் சுமக்கிறவருக்கு, சொந்த வீடுள்ள எத்தனை பேரைத் தெரிந்திருக்கும்?

தொரப்பாடியில் வேலூர் மத்திய சிறை வாசலில் ஒரு அம்மாவைப் பார்த்தேன். சிறையில் இருக்கும் மகனை மனு போட்டுப் பார்க்க ஆம்பூரிலிருந்து விடியற்காலை பஸ் ஏறி வந்தவர். ஒயர் கூடையில் பிஸ்கட், ஒரு சோப்பு, துவைத்து மடித்த லுங்கி. விரல் நுனிகளில் ஷூ ஒட்டும் பசை காய்ந்து தோலாய் உரிந்திருந்தது. ஜாமீன் கிடைத்து மூன்று வாரம் ஆகிவிட்டது. கையெழுத்துப் போட ஆள் இல்லை. மனு பார்க்க வரும் நாளெல்லாம் அவருக்குக் கூலி கிடையாது.

இதற்கு வழி உண்டு. ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் கைதி வெளியே போகாவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரு மாதம் தாண்டினால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றம் தானாகவே யோசிக்கலாம். ஏழைக் கைதிகளின் ஜாமீன் தொகைக்கு உதவும் மத்திய அரசுத் திட்டமும் இருக்கிறது.

நம்பிக்கை: வக்கீலுக்குக் காசில்லை என்றால் கேஸ் முடியும்வரை உள்ளேதான்.

உண்மை: காவலில் இருக்கும் எவரும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச வக்கீல் கேட்கலாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை அது. 15100 என்ற எண்ணுக்கு அழைத்தால் போதும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-ஆவது பிரிவுப்படி, அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் பாதியைக் கழித்தவர் ஜாமீன் பெறலாம். முன்பு எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவருக்கு மூன்றில் ஒரு பங்கு போதும். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய வழக்குகளுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது.

நம்பிக்கை: உள்ளே போனால் சும்மா சோறு, எல்லாரும் சமம்.

உண்மை: தண்டனைக் கைதிகள் வேலை செய்கிறார்கள். போலீஸ்காரர்கள் போடும் ஷூக்கள் வேலூர் சிறைக்குள் தைக்கப்படுகின்றன. அந்த உழைப்புக்கு நியாயமான கூலி தர வேண்டும் என்று 1998-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதே சிறையில் ஆயுள் கைதி ஒருவரை அதிகாரி வீட்டு வேலைக்கு அனுப்பி, திருட்டுப் பழி சுமத்தி, அடித்துத் தனிமையில் அடைத்ததாகப் புகார் எழுந்தது. தாயார் உயர் நீதிமன்றம் போனார். 2024-இல் சிபிசிஐடி வழக்குப் பதிந்தது. சிறையில் சாதி பார்த்து வேலை பிரிப்பதும், சாதி பார்த்து அடைப்பதும் அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததே 2024 அக்டோபரில்தான். அதுவரை அது பல மாநிலச் சிறை விதிப் புத்தகங்களிலேயே இருந்தது.

உங்கள் தெருவிலும் அந்த அம்மாவைப் போல ஒருவர் இருப்பார். "பையன் என்ன தப்பு செஞ்சான்?" என்று அவரிடம் கேட்காதீர்கள். "சூரிட்டிக்கு ஆள் இருக்காம்மா?" என்று கேளுங்கள்.