சிறிய பள்ளியில் ஒரு வாரம்: பெற்றோர் அறிய வேண்டுவன

நம் நாட்டில் தமிழ்ப்பள்ளிகள் மிகுதியாக உள்ள மாநிலம் பேராக் ஆகும். நாடு முழுவதும் உள்ள ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளுள் 134 பள்ளிகள் இம்மாநிலத்திலேயே அமைந்துள்ளன. இவற்றுள் பல சிறிய பள்ளிகள். 150 மாணவருக்கும் குறைவாகப் பயிலும் பள்ளியைக் கல்வி அமைச்சு ‘குறைந்த மாணவர் பள்ளி’ என வகைப்படுத்துகிறது. மாணவர் தொகை முப்பதைத் தாண்டாத பள்ளிகளில், இரண்டு ஆண்டு மாணவர்களை ஓர் அறையில் அமர்த்தி ஓர் ஆசிரியரே கற்பிக்கும் கூட்டு வகுப்பு முறையும் உண்டு. முதலாம் ஆண்டு இரண்டாம் ஆண்டோடும், மூன்றாம் ஆண்டு நான்காம் ஆண்டோடும், ஐந்தாம் ஆண்டு ஆறாம் ஆண்டோடும் சேர்ந்து பயிலும்.

இத்தகைய பள்ளியைக் காணும் பெற்றோர் மனத்தில் ஓர் ஐயம் எழுவது இயல்பே. “இரண்டு வகுப்புப் பிள்ளைகளை ஓர் ஆசிரியர் எவ்வாறு கவனிப்பார்? நம் பிள்ளை பின்தங்கிவிடாதா?” என்று அவர்கள் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். அதற்கு விடை காண வேண்டுமாயின், அவ்வகுப்பறையில் ஒரு வாரம் எவ்வாறு நடைபெறுகின்றது என்பதை முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும்.

பள்ளி சிறிதானது எவ்வாறு?

பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. அதன் பயனாகத் தோட்டந்தோறும் பள்ளிகள் எழுந்தன. லயத்திற்கு அருகில் ஒரு கொட்டகை, ஒரே ஆசிரியர் என்பதே அக்காலத்துப் பல பள்ளிகளின் நிலை. ஆகவே, ஓர் ஆசிரியர் பல வகுப்புகளுக்குக் கற்பிப்பது நமக்குப் புதிய செய்தியன்று. நம் பாட்டன்மார் எழுத்தறிந்ததே அவ்வாறுதான்.

நாடு சுதந்திரம் அடைந்த 1957ஆம் ஆண்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. அதன்பின் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் இருந்த இடங்களில் செம்பனை வந்தது. வீடமைப்புத் திட்டங்களும் எழுந்தன. இளைஞர்கள் வேலை தேடி ஈப்போவுக்கும் கிள்ளான் பள்ளத்தாக்கிற்கும் சென்றனர். பிள்ளைகள் பெற்றோருடன் பெயர்ந்தனர். பள்ளிக் கட்டடமோ இருந்த இடத்திலேயே நின்றது. சில பள்ளிகள் ஒன்றிணைக்கப்பட்டன; சில வேற்றிடங்களுக்கு மாற்றப்பட்டன. பத்து காஜா வட்டாரத்தின் கிந்தா கெல்லாஸ், கிந்தா வேலி, சுங்கை சிப்புட் வட்டாரத்தின் எல்பில், டோவன்பி ஆகிய தோட்டப் பெயர்கள் இன்றும் பள்ளிகளின் பெயர்களாக வழங்கி வருகின்றன. அதே சுங்கை சிப்புட்டில் 1954ஆம் ஆண்டு மகாத்மா காந்தி கலாசாலையை நிறுவியவர் துன் வீ. தி. சம்பந்தன் ஆவார். துண்டாடலை எதிர்கொள்ளத் தோட்டப் பாட்டாளிகளின் சேமிப்பைக் கொண்டு 1960ஆம் ஆண்டு தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவரும் அவரே.

பள்ளி சிறிதானதற்குக் காரணம் மக்கள் இடம்பெயர்ந்ததேயன்றி, அங்குக் கற்பித்தல் குறைந்ததன்று என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

கூட்டு வகுப்பு நடைபெறும் முறை

பால்வெட்டுத் தொழிலை அறிந்தவர்க்குக் கூட்டு வகுப்பை விளக்குதல் எளிது. மரத்தை வெட்டியவர் அம்மரத்தின் அடியிலேயே நின்றுகொண்டிருப்பதில்லை. மங்கைச் சரிசெய்து வைத்துவிட்டு அடுத்த மரத்திற்குச் செல்கிறார். அவர் சென்ற பின்னரும் பால் வடிந்துகொண்டே இருக்கிறது. பின்னர் அவர் திரும்பி வந்து பாலைச் சேகரிக்கிறார். வெட்டுச் சரியாக அமைந்தால்தான், ஆள் இல்லாத வேளையிலும் மங்கு நிறையும்.

கூட்டு வகுப்பு ஆசிரியரின் பணியும் இத்தகையதே. பாடத் தொடக்கத்தில் இரு பிரிவினரிடமும் பொதுவாகப் பேசுவார். அதன்பின் ஒரு பிரிவிற்கு எழுத்துவேலை கொடுத்துவிட்டு, மற்றப் பிரிவிற்குப் பாடம் நடத்துவார். சிறிது நேரத்தில் பிரிவுகளை மாற்றிக்கொள்வார். இறுதியில் இரு பிரிவினரின் வேலையையும் திருத்திப் பாடத்தை முடிப்பார்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். மூன்றாம், நான்காம் ஆண்டுகளுக்குக் கணிதப் பாடம் நடைபெறுகிறது எனக் கொள்வோம். ஒருவர் மூன்று நாளில் கொண்டுவந்த ரப்பரின் எடை 18 கிலோ, 24 கிலோ, 16 கிலோ என ஆசிரியர் பலகையில் எழுதுகிறார். மொத்த எடையைக் காண்பது மூன்றாம் ஆண்டின் வேலை. கிலோவுக்கு 3 வெள்ளி என்றால் கிடைக்கும் தொகை எவ்வளவு என்று காண்பது நான்காம் ஆண்டின் வேலை. 58 கிலோ என்று இளையவர் கண்ட விடையைக் கொண்டே மூத்தவர் 174 வெள்ளி என்று கணக்கிடுவர். இளையவர் அடுத்த ஆண்டுப் பாடத்தை முன்கூட்டியே செவிமடுக்கின்றனர். மூத்தவர் சென்ற ஆண்டுப் பாடத்தை மீண்டும் நினைவுகூர்கின்றனர்.

இம்முறையைப் பிற நாடுகளும் கையாண்டுள்ளன. தென் அமெரிக்காவின் கொலம்பியா நாடு, கிராமப்புறச் சிறு பள்ளிகளுக்கென 1970களின் நடுப்பகுதியில் ‘எஸ்குவேலா நுவேவா’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. மாணவர் தம் வேகத்திற்கேற்பத் தாமே பயில்வதற்கான பயிற்சி ஏடுகள் அதில் முக்கிய இடம் பெற்றன. தமிழ்நாட்டில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003ஆம் ஆண்டு தொடங்கிய செயல்வழிக் கற்றல் முறையிலும், வெவ்வேறு வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாக அமர்ந்து அட்டைகளின் துணைகொண்டு பயின்றனர்.

இங்கே பெற்றோர் ஒன்றை உற்றுநோக்க வேண்டும். கூட்டு வகுப்பில் பிள்ளை ஏறக்குறையப் பாதி நேரம் ஆசிரியர் பக்கத்தில் இல்லாமலே வேலை செய்கிறது. அந்தப் பாதி நேரம் பயன்தர வேண்டுமாயின், பிள்ளைக்குத் தானே படிக்கும் பழக்கம் இருக்க வேண்டும். அப்பழக்கம் வீட்டில்தான் வேரூன்றும்.

வாரத்தின் ஒழுங்கு

பாட அட்டவணை பள்ளிக்குப் பள்ளி வேறுபடும். எனினும் பொதுவான அமைப்பு வருமாறு:

திங்கள்: வாரம் சபைகூடலுடன் தொடங்கும். தேசியப் பண்ணும் மாநிலப் பண்ணும் பாடப்படும். 1970ஆம் ஆண்டு பிரகடனம் செய்யப்பட்ட ருக்குன் நெகாரா கோட்பாடுகள் ஓதப்படும். தலைமையாசிரியரும் அவ்வாரப் பொறுப்பாசிரியரும் உரையாற்றுவர். பெரிய பள்ளியில் ஆண்டிற்கு ஒருமுறை மேடையேறும் வாய்ப்புக் கிடைப்பதே அரிது. சிறிய பள்ளியிலோ ஒவ்வொரு பிள்ளைக்கும் அடிக்கடி முறை வரும். கூச்சமின்றிப் பேசும் ஆற்றல் இவ்வாறே வளர்கிறது.

செவ்வாய்: தமிழ், மலாய், ஆங்கிலம், கணிதம், அறிவியல் ஆகிய பாடங்களே நாளின் பெரும்பகுதியை நிரப்பும். ஒரு பாடவேளை 30 நிமிடம். சில பாடங்களுக்கு இரண்டு வேளைகள் தொடர்ந்து வரும். நான்காம் ஆண்டு முதல் வரலாறும் ஒரு பாடமாகச் சேர்கிறது.

புதன்: பல பள்ளிகளில் புறப்பாட நடவடிக்கைகளுக்குரிய நாள் இதுவே. சீருடை இயக்கம், கழகம், விளையாட்டு ஆகியவற்றில் மாணவர் பங்குகொள்வர். அன்று பிள்ளை தாமதமாகத் திரும்பும். ஆகவே கூடுதல் உணவும் குடிநீரும் கொடுத்தனுப்புதல் நன்று.

வியாழன்: உடற்கல்வி, கலை, இசை, நன்னெறி முதலிய பாடங்கள் பிற பாடங்களோடு கலந்து வரும். பின்தங்கிய பிள்ளைகளுக்குத் துணை வகுப்பு நடத்தும் பள்ளிகளும் உண்டு.

வெள்ளி: பள்ளி சற்று முன்னதாகவே முடிவுறும். வார இறுதிக்கான வீட்டுப்பாடம் கொடுக்கப்படும். அன்று மாலையே பிள்ளையின் பையைத் திறந்து பார்த்துவிட்டால், ஞாயிறு இரவின் பரபரப்பைத் தவிர்க்கலாம்.

ஓய்வு வேளையில் தகுதியுடைய மாணவர்க்கு உணவு வழங்கும் கூடுதல் உணவுத் திட்டம் 1979ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகிறது. பாடநூல் இரவல் திட்டம் 1975ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு, 2008ஆம் ஆண்டு முதல் வருமான வேறுபாடின்றி எல்லா மாணவர்க்கும் விரிவாக்கப்பட்டது. இந்நூல்கள் அடுத்த ஆண்டு மற்றொரு பிள்ளையின் கைக்குச் செல்பவை. அவற்றுக்கு அட்டையிட்டுப் பேணுதல் நம் கடமை.

மதிப்பீட்டு அட்டையைப் படிக்கும் முறை

1988ஆம் ஆண்டு முதல் நடைபெற்ற யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. வகுப்பறையில் ஆசிரியரே தொடர்ந்து மதிப்பிடும் முறை இன்று நடைமுறையில் உள்ளது. அட்டையில் ஒவ்வொரு பாடத்திற்கும் 1 முதல் 6 வரையிலான அடைவுநிலை குறிக்கப்படும். மூன்றாம் நிலை என்பது பிள்ளை அடைய வேண்டிய குறைந்த அளவாகும். அட்டையில் 1 அல்லது 2 காணப்படின் அது தண்டனைக்குரிய குற்றமன்று. உடனடி உதவி தேவை என்பதற்கான அறிவிப்பேயாகும். அத்தகைய பிள்ளையை அடிப்பதால் பயனில்லை. ஆசிரியரைச் சந்தித்து, “எந்த இடத்தில் தடுமாறுகிறான்? வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்?” என்று கேட்பதே பயன்தரும். மாணவர் தொகை குறைந்த பள்ளியில் ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையையும் நன்கறிவார். இக்கேள்விக்கு விளக்கமான விடை அவரிடம் கிடைக்கும்.

எதிர்நோக்கும் நிகழ்ச்சிகள்

பள்ளி ஆண்டில் எதிர்பார்க்க வேண்டிய நிகழ்ச்சிகள் சில உள. மே மாதம் 16ஆம் நாள் ஆசிரியர் தினம். ஆகஸ்டு 31, செப்டம்பர் 16 ஆகிய நாள்களையொட்டிச் சுதந்திரக் கொண்டாட்டங்களும் மலேசிய தினக் கொண்டாட்டங்களும் நடைபெறும். பள்ளி விளையாட்டுப் போட்டி, தீபாவளி நிகழ்ச்சி, பரிசளிப்பு, கோத்தோங் ரோயோங் ஆகியவற்றின் நாள்களைப் பள்ளி அறிவிக்கும்.

சுகாதாரக் குழுவினரும் பல் மருத்துவக் குழுவினரும் பள்ளிக்கு வருவர். முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குத் தொண்டை அடைப்பான், இசிவு நோய், தட்டம்மை போன்றவற்றைத் தடுக்கும் ஊசிகள் போடப்படும். இதற்கான ஒப்புதல் படிவம் பையின் அடியில் கசங்கிக் கிடந்தால், பிள்ளைக்குரிய பாதுகாப்புத் தவறிப்போகக் கூடும். படிவம் வந்த அன்றே கையொப்பமிட்டு அனுப்புக.

கல்விச் சுற்றுலாவிற்குத் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. 1877ஆம் ஆண்டு கோலகங்சாரில் நடப்பட்ட ஒன்பது ரப்பர்க் கன்றுகளுள் ஒன்று முதிர்ந்த மரமாக இன்றும் அங்கு நிற்கின்றது. பத்து காஜாவிற்கு அருகே, 1926ஆம் ஆண்டு காலமான தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் கட்டி முடிக்காது விட்டுச்சென்ற மாளிகை உள்ளது. அதன் அருகே தொழிலாளர்களுக்காக அமைந்த கோயிலும் உண்டு. தம் குடும்பத்தின் தொழில் நாட்டின் வரலாற்றோடு பின்னிக் கிடப்பதைப் பிள்ளைகள் நேரில் காண இவை ஏற்ற இடங்களாம்.

குறைகளும் உள

சிறிய பள்ளிக்குக் குறையே இல்லை என்று கூறுவது பொருந்தாது. பதினொருவர் கொண்ட காற்பந்துக் குழுவை அமைப்பது கடினம். ஒத்த வயதுத் தோழர் இருவர் மூவர் மட்டுமே இருப்பதால், அவர்களுள் பிணக்கு ஏற்பட்டால் பிள்ளை தனிமையுறும். ஆசிரியர் சிலரே பல பொறுப்புகளைச் சுமக்கின்றனர்; ஒருவர் விடுப்பில் சென்றால் மற்றவர் சுமை கூடும். அண்டைப் பள்ளிகள் சேர்ந்து விளையாட்டையும் முகாமையும் நடத்துவது இக்குறைகளை ஓரளவு நீக்கும் வழியாகும். அந்நாள்களில் பிள்ளையை அனுப்பத் தயங்குதல் கூடாது.

பெற்றோர் செய்ய வேண்டியவை

1. வருகையில் தவறாதீர். நால்வர் கொண்ட பிரிவில் ஒருவர் வராவிடில் கால் பகுதி வகுப்பே இல்லை என்றாகிறது. அவருக்காக ஆசிரியர் மறுநாள் பாடத்தை மீண்டும் நடத்தினால், மற்றப் பிரிவிற்குரிய நேரமும் குறைகிறது.

2. விடியுமுன் வெட்டுக்குச் செல்லும் பெற்றோர், முதல் நாள் இரவே பிள்ளையின் பையையும் சீருடையையும் ஆயத்தம் செய்து வைத்தல் வேண்டும். காலையுணவுக்கும் ஏற்பாடு செய்க.

3. நாள்தோறும் அரைமணி நேரம் பிள்ளை தனியாக அமர்ந்து படிக்கட்டும். எழுத்தறியாத பெற்றோரும் பக்கத்தில் அமர்ந்து, “உரக்கப் படி, நான் கேட்கிறேன்” என்று கூறலாம். அதுவே பெருந்துணை.

4. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டுக்கூட்டத்தில் தவறாது கலந்துகொள்க. சிறிய பள்ளியில் பத்துப் பெற்றோர் வந்தாலே பல வேலைகள் நிறைவேறும்.

5. முதலாம் ஆண்டிற்கான பதிவை உரிய காலத்தில் செய்க. 2003ஆம் ஆண்டு முதல் தொடக்கக் கல்வி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கத் தவறும் பெற்றோர்க்கு 5,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. இணையப் பதிவு செய்யத் தெரியாதவர்கள் பிறப்புச் சான்றிதழுடன் தலைமையாசிரியரை அணுகுக. பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளைக்கு வயது வரும் வரை காத்திராமல் இப்பொழுதே தேசியப் பதிவிலாகாவை நாடுக.

பிள்ளையை எப்பள்ளியில் சேர்ப்பது என்று முடிவு செய்வது பெற்றோரின் உரிமை. அம்முடிவைப் பள்ளிக் கட்டடத்தின் அளவைக் கண்டு எடுத்தல் கூடாது. ஒரு நாள் பள்ளிக்குச் சென்று தலைமையாசிரியரைக் காணுங்கள். இரண்டு வகுப்புகளை ஆசிரியர் எவ்வாறு நடத்துகிறார் என்று கேட்டறியுங்கள். பிள்ளைகளின் பயிற்சி ஏடுகளைப் பாருங்கள். பத்துப் பிள்ளைகள் சேர்ந்த பள்ளியும் அடுத்த ஆண்டு முதலாம் ஆண்டில் ஒருவரும் சேராத பள்ளியும் வெவ்வேறு எதிர்காலம் உடையவை.

கலந்துரையாடுவதற்குச் சில வினாக்கள்

1. கூட்டு வகுப்பில் ஆசிரியர் மற்றப் பிரிவோடு இருக்கும் வேளையில் உங்கள் பிள்ளை என்ன செய்கிறது என்பதை அதனிடம் கேட்டறிந்தீரா?
2. சென்ற மாதம் உங்கள் பிள்ளை எத்தனை நாள் பள்ளிக்குச் செல்லவில்லை? காரணம் யாது?
3. உங்கள் லயத்தில் அடுத்து முதலாம் ஆண்டில் சேர வேண்டிய பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்கள் அனைவருக்கும் பிறப்புச் சான்றிதழ் உண்டா?