கறந்த சூடு போதாது

மாணவர்களே, உங்கள் வட்டாரத்தில் மாட்டுப் பால் விற்பவர் இருக்கிறாரா? பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய பாலை வீட்டு வாசலிலேயே தந்துவிட்டுப் போவார். ஆட்டுப் பால் என்றால் போத்தலில் வரும். பேரங்காடியில் வாங்கும் பெட்டிப் பாலைவிட இதுவே சுவையானது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சிலர் இன்னும் ஒருபடி மேலே போய், “கறந்த சூட்டோடு குடித்தால்தான் முழுப் பலன், காய்ச்சினால் சத்து போய்விடும்” என்பார்கள்.

இந்த வாரம் அந்தக் ‘கறந்த சூட்டை’ அறிவியல் கண்ணோடு பார்ப்போம்.

கறந்த சூடு எத்தனை டிகிரி?

பசுவின் உடல் வெப்பநிலை ஏறத்தாழ 38.5 டிகிரி செல்சியஸ். ஆட்டின் உடல் வெப்பநிலை 39 டிகிரியை ஒட்டியிருக்கும். மடியிலிருந்து இறங்கும் பாலும் அதே வெப்பத்தில்தான் இருக்கும். நம் உடலின் வெப்பநிலை 37 டிகிரி. நமக்கு நோய் உண்டாக்கும் பாக்டீரியாக்களில் பல, இந்த வெப்பத்தில்தான் மிக வேகமாகப் பெருகுகின்றன. பாலில் நீர், சர்க்கரை, புரதம், கொழுப்பு எல்லாம் இருக்கின்றன. கன்றை வளர்க்கும் அந்த உணவு பாக்டீரியாவையும் வளர்க்கும்.

ஒரு கணக்குப் போடுவோம். தகுந்த சூழலில் ஈ.கோலை பாக்டீரியா ஏறக்குறைய 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். ஒரு பை பாலில் 100 பாக்டீரியாக்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்று மணி நேரத்தில் அவை 9 முறை இரட்டிக்கும். 100-ஐ 2-இன் 9ஆம் அடுக்கால் பெருக்கினால் 51,200. இன்னும் ஒரு மணி நேரம் போனால் 4,09,600! பையைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் இந்த வேகம் வெகுவாகக் குறையும். ஆனால், குளிர் பாக்டீரியாவைக் கொல்வதில்லை. லிஸ்டீரியா என்ற பாக்டீரியா குளிர்பதனப் பெட்டிக்குள்ளும் மெல்ல மெல்லப் பெருகக்கூடியது.

கிருமி எந்த வழியாக வருகிறது?

இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி வெளியிலிருந்து: சாணம், மடியின் தோல், கறப்பவரின் கை, பாத்திரம், தண்ணீர் ஆகியவற்றிலிருந்து சால்மொனெல்லா, ஈ.கோலை போன்றவை பாலில் கலக்கும். தொழுவத்தைச் சுத்தமாக வைத்திருந்தால் இந்த வழியைப் பெருமளவு அடைக்கலாம்.

இரண்டாவது வழி உள்ளிருந்து: நோய் தொற்றிய விலங்கின் உடலில் உள்ள கிருமி மடிக்குள் புகுந்து பாலோடு சேர்ந்தே வெளிவரும். புருசெல்லா என்ற பாக்டீரியா இப்படிப்பட்டது. கறப்பவர் எவ்வளவு கை கழுவினாலும் இந்த வழி அடைபடாது. ஆடு பார்ப்பதற்கு ஆரோக்கியமாக இருக்கலாம். பாலின் நிறமோ மணமோ சுவையோ மாறாமலும் இருக்கலாம்.

மால்டா தீவின் ஆடுகள்

இதை உலகுக்குக் கற்றுத் தந்தது மத்தியதரைக் கடலில் உள்ள மால்டா தீவு. அங்கிருந்த பிரிட்டிஷ் படைவீரர்கள், விட்டு விட்டு வரும் ஒரு காய்ச்சலால் வாரக்கணக்கில் படுத்துக் கிடந்தார்கள். இறந்தவர்களும் உண்டு. 1887இல் டேவிட் புரூஸ் என்ற படை மருத்துவர் அதற்குக் காரணமான கிருமியைக் கண்டறிந்தார். புருசெல்லா என்ற பெயர் அவரது பெயரிலிருந்து வந்ததே. ஆனால், கிருமி மனிதருக்கு எப்படிப் போகிறது என்பது பல ஆண்டுகள் புதிராகவே இருந்தது.

மால்டாவில் ஆடுகளை வீதி வீதியாக ஓட்டி வந்து, வீட்டு வாசலிலேயே கறந்து கொடுப்பது வழக்கம். கண்ணெதிரே கறந்த பால். அதைவிடப் புதியது ஏது? 1905இல் மால்டாவைச் சேர்ந்த மருத்துவர் தெமிஸ்டோக்கிளிஸ் ஸம்மிட், நோயின் அறிகுறி எதுவும் இல்லாத ஆடுகளின் இரத்தத்தைச் சோதித்தபோது, அவற்றுள் பல அக்கிருமியைச் சுமந்திருந்தன. 1906இல் படைவீரர்களுக்கு ஆட்டுப் பால் கொடுப்பது நிறுத்தப்பட்டது. அவர்களிடையே காய்ச்சல் மளமளவெனக் குறைந்தது.

பினாங்கில் நடந்தது

இது ஏதோ பழங்கதை என்று எண்ண வேண்டாம். பினாங்கில் ஓர் ஆட்டுப் பண்ணையின் காய்ச்சாத பாலைக் குடித்தவர்களில் 79 பேருக்கு, ஓராண்டுக் காலத்தில் புருசெல்லோசிஸ் நோய் இருப்பது உறுதியானது. இது பற்றிய மருத்துவ ஆய்வுக் கட்டுரை 2015இல் வெளிவந்தது. தாம் விற்ற பாலையே தாமும் குடித்த பண்ணை உரிமையாளர்தான் முதல் நோயாளி. ஏமாற்றும் எண்ணம் அவருக்கு இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? நோயாளிகளின் இரத்த மாதிரிகளைக் கையாண்ட ஆய்வுக்கூடப் பணியாளர்கள் நால்வருக்கும் நோய் தொற்றியது.

காய்ச்சல், வியர்வை, உடல் சோர்வு, மூட்டுவலி என இந்த நோயின் அறிகுறிகள் டெங்கி போன்ற மற்ற காய்ச்சல்களை ஒத்திருக்கும். அதனால், பினாங்கு நோயாளிகளுக்கு அறிகுறி தொடங்கியதிலிருந்து நோயை அடையாளம் காணச் சராசரியாக 53 நாள்கள் ஆயின. பெரும்பாலோர் இரண்டு வகை நுண்ணுயிர்க் கொல்லி மருந்துகளை ஆறு வாரம் உட்கொள்ள வேண்டியிருந்தது. அதன் பிறகும் ஐவரில் ஒருவருக்கு நோய் திரும்பி வந்தது.

அப்படியானால் எத்தனை டிகிரி வேண்டும்?

1860களில் லூயி பாஸ்டர் என்ற பிரெஞ்சு அறிவியலாளர், திராட்சை மதுவை இதமாகச் சூடாக்கினால் அது கெடாமல் இருப்பதைக் கண்டார். அந்த முறை பின்னாளில் பாலுக்கும் வந்தது, அதுவே பாஸ்சராக்கம். பாலை 63 டிகிரியில் 30 நிமிடம் வைத்திருக்கலாம். அல்லது 72 டிகிரியில் 15 விநாடி வைத்திருக்கலாம். வெப்பம் கூடினால் நேரம் குறையும். இரண்டிலும் புருசெல்லா, சால்மொனெல்லா, காசநோய்க் கிருமி ஆகியவை மடியும். ஆயினும், வெப்பத்தைத் தாங்கும் சில பாக்டீரியாக்கள் எஞ்சியிருக்கும். அதனால்தான் பாஸ்சராக்கம் செய்த பாலையும் குளிரில் வைக்கிறோம்.

வீட்டு அடுப்பில் பொங்கிவரும் பால் 100 டிகிரியை நெருங்கிவிடும். புதுவீடு புகுவதையே ‘பால் காய்ச்சுவது’ என்று சொல்லும் நமக்கு இது புதிதல்லவே!

சத்து போய்விடுமா?

பாலை நாம் குடிப்பது முக்கியமாகக் கால்சியத்துக்காகவும் புரதத்துக்காகவும். கால்சியம் ஒரு தனிமம். அடுப்புச் சூடு அதை அழிக்காது. புரதத்தின் வடிவம் சற்று மாறும். ஆனால், அதன் அமினோ அமிலங்கள் நமக்குக் கிடைக்கும். வைட்டமின் சி, பி வகை வைட்டமின்கள் சில ஓரளவு குறைவது உண்மை. ஆனால், பாலில் வைட்டமின் சி முதலிலேயே மிகக் குறைவு. ஒரு கொய்யாப்பழம் அதை ஈடுகட்டிவிடும்.

வாங்கும்போது கவனிக்க

உள்ளூர்ப் பண்ணையில் பால் வாங்குவது நல்ல பழக்கமே. ஒரு குடும்பத்தின் உழைப்புக்கு அது ஆதரவு. வாங்கியபின் செய்ய வேண்டியவை சில:

1. பாலை வெயிலில் வைக்காமல் விரைவாக வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்.
2. பொங்கும்வரை கிளறிக்கொண்டே காய்ச்சுங்கள்.
3. காய்ச்சிய பாலைப் பச்சைப் பால் இருந்த பாத்திரத்தில் மீண்டும் ஊற்றாதீர்கள்.
4. ஆறியதும் மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள்.
5. பால்குடத்திலும் அபிஷேகத்திலும் பயன்பட்ட பச்சைப் பால் பல மணி நேரம் வெப்பத்தில் இருந்திருக்கும். அதைக் குடிக்க வேண்டாம்.
6. பச்சைப் பால் குடித்த ஒருவருக்குப் பல நாள் காய்ச்சல் நீடித்தால், பால் குடித்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். பினாங்கின் 53 நாள்களை அந்த ஒரு வாக்கியம் குறைக்கக்கூடும்.

சிறு குழந்தைகள், கருவுற்ற தாய்மார்கள், முதியவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

சிந்தித்துப் பாருங்கள்

1. மெத்திலீன் நீலம் கலந்த பாலில் பாக்டீரியா மிகுதியாக இருந்தால் நீல நிறம் விரைவில் மறையும். நிறம் நெடுநேரம் மறையாத பாலில் புருசெல்லா இல்லை என்று உறுதியாகக் கூற முடியுமா? காரணம் தருக.
2. 200 பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டித்தால் இரண்டு மணி நேரத்தில் எத்தனை ஆகும்?
3. “எங்கள் ஆடு நல்ல ஆடு, காய்ச்ச வேண்டியதில்லை” என்று சொல்பவருக்கு, மால்டாவின் கதையைக் கொண்டு எப்படி மரியாதையாகப் பதில் சொல்வீர்கள்?