எடுக்கச் சொன்னால் எடுத்துக்கொடு

அன்புள்ள மகளே,

பயிற்சி முடிந்துவிட்டது. உறையை முழுதாகப் பிரிக்காமல், கை படாமல் கருத்தடைக்கான காப்பர் டியைக் குழலுக்குள் ஏற்றவும், நீலத் தடுப்பைக் கருப்பையின் ஆழத்துக்கு நகர்த்தி வைக்கவும், உள்தண்டை அசையாமல் பிடித்துக்கொண்டு வெளிக்குழலை மட்டும் பின்னுக்கு இழுக்கவும் உன் கை பழகிவிட்டது. இனி அமரவிளை சுகாதார நிலையத்தில் உட்காரப் போகிறாய். கைவேலையைப் பற்றி நான் சொல்ல அதிகமில்லை, அதைப் பயிற்சியிலேயே ஒழுங்காகச் சொல்லித் தருகிறார்கள். அதற்கு முன்னும் பின்னும் நடக்க வேண்டியதைத்தான் எழுதுகிறேன். உன்னைப் போல இந்த வேலைக்கு வரும் மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்று பத்திரிகைக்கே அனுப்புகிறேன்.

உன் முன்னால் வந்து உட்காரும் பெண், இது எவ்வளவு பலன் தரும் என்று கேட்க மாட்டாள். ஓராண்டில் நூறு பேரில் ஒருத்திக்குக்கூடத் தவறாது என்கிற கணக்கு உன் தேர்வுக்கு உதவியது, அவளுக்கு அது பெரிய விஷயமில்லை. அவள் கேட்பது ஒன்றுதான்: “ரெத்தம் கூடுதலாப் போவுமா சிஸ்டரே?”

போகும் என்று சொல். முதல் மூன்று மாதம், சிலருக்கு ஆறு மாதம், ஒன்றரை மடங்கு வரை போகலாம். அடிவயிறு இழுத்துப் பிடிக்கும். இடையில் சொட்டுச் சொட்டாகக் கறை படலாம். மெஃபனமிக் ஆசிடோ ஐபுபுரூஃபனோ கொடுத்தால் பெரும்பாலும் அடங்கும். இதை முன்கூட்டிக் கேட்டவள் இரண்டாம் மாதம் தாங்கிக்கொள்வாள். கேட்காதவள் அதே இரண்டாம் மாதம் பயந்துபோய் ஓடிவருவாள்; வரும் வழியில் நாலு பேரிடம் சொல்லிவிட்டுத்தான் வருவாள்.

அப்படித்தான் ஒரு பெரிய திட்டமே கவிழ்ந்தது. பஃபலோ நகரத்து டாக்டர் ஜாக் லிப்பஸ் 1962 வாக்கில் வடிவமைத்த பிளாஸ்டிக் லூப்பை இந்தியா 1965-ல் எடுத்துக்கொண்டது. கான்பூரில் அதற்கென்று தொழிற்சாலையே வந்தது. 1966-67-ல் ஏறத்தாழ 9 லட்சம் பெண்களுக்குப் போட்டார்கள். 1968-69-ல் அது 5 லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. கிராமத்தில் வதந்தி பரவியதுதான் காரணம் என்று பலர் எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. ரத்தம் போனது வதந்தியா? இலக்கு கொடுத்தார்கள், போடுகிறவருக்கும் கூட்டிவருகிறவருக்கும் தலைக்கு இவ்வளவு என்று காசு கொடுத்தார்கள். யாருக்குப் போடலாம், யாருக்குக் கூடாது என்று பார்க்க ஆளில்லை. போட்ட பிறகு விசாரிக்கவும் ஆளில்லை. வலியோடு வந்தவளுக்கு எடுத்துக்கொடுக்கக்கூட ஆள் இல்லாத இடத்தில் லூப் இதயத்துக்கு ஏறிவிடும் என்ற கதை பிறக்காமல் வேறென்ன பிறக்கும்?

லூப் விழுந்த இடத்தைக் கருத்தடை ஆபரேஷன் பிடித்துக்கொண்டது. 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் கலெக்டர் எஸ். கிருஷ்ணகுமார் நடத்திய முகாமில் ஒரே மாதத்தில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்கு வாசெக்டமி செய்தார்கள். அன்று நாடே கேரளத்தைப் பார்த்தது. எமர்ஜென்சிக் காலக் கட்டாய ஆபரேஷன்களுக்குப் பிறகு ஆண்கள் அந்தப் பக்கம் திரும்பவில்லை, பாரம் முழுக்கப் பெண்ணின் வயிற்றுக்கு வந்தது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் திருமணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். காப்பர் டி போன்ற வளையம் போட்டவர்கள் 2.1. கணவன் ஆபரேஷன் செய்துகொண்டது 0.3. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் பெண்களின் ஆபரேஷன் விகிதம் நாட்டுச் சராசரியைவிட அதிகம். நம்மூரில் இருபத்தைந்து, இருபத்தாறு வயதில் இரண்டாவது பிள்ளையோடு “நிறுத்தியாச்சு” என்று சொல்லிவிடுகிறார்கள். 2014 நவம்பரில் சத்தீஸ்கரில் பிலாஸ்பூர் பக்கம் ஒரே முகாமில் 83 பெண்களுக்குச் சில மணி நேரத்தில் ஆபரேஷன் செய்தார்கள்; அவர்களில் 13 பேர் செத்துப்போனார்கள். 2016-ல் உச்ச நீதிமன்றம் முகாம் முறையையே மூன்றாண்டுக்குள் நிறுத்தச் சொன்னது. ஆபரேஷன் தவறு என்று நான் சொல்லவில்லை. இருபத்தாறு வயதுக்காரிக்குத் திரும்பி வரக்கூடிய வழி ஒன்று உண்டு என்று சொல்லாமலே ஆபரேஷன் மேசைக்கு அனுப்புவது தவறு.

இனி, எதைப் போடுவது.

முதலில் அவளுடைய மாதவிடாயைப் பற்றிக் கேள். எத்தனை நாள், எத்தனை பேட், கட்டி கட்டியாக விழுமா? ஹீமோகுளோபின் பார். இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று அதே கணக்கெடுப்பு சொல்கிறது. ஏற்கெனவே அதிகம் போகிறவளுக்குக் காப்பர் டி போட்டால் இருக்கிற ரத்தத்தையும் எடுக்கிறோம். அவளுக்கு ஹார்மோன் வளையம்தான் பொருத்தம்: 52 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல், தொடக்கத்தில் நாளுக்கு 20 மைக்ரோகிராம் வீதம் கசியும். ரத்தப்போக்கு வெகுவாகக் குறையும், சிலருக்கு நின்றே போகும். நின்றால் கெட்ட ரத்தம் உள்ளே தேங்கிவிடும் என்று நம் பெண்கள் நடுங்குவார்கள். உட்புறச் சவ்வு தடிக்காமல் இருப்பதால் வெளியேற ஒன்றுமில்லை, தேங்கவும் ஒன்றுமில்லை என்று விளக்க வேண்டும்.

ஆனால் அதற்கு ஆயிரக்கணக்கில் செலவாகும். காப்பர் டி நம் கையில் இலவசமாக இருக்கிறது. அதன் 380 என்ற எண் செம்பின் பரப்பு, சதுர மில்லிமீட்டரில். நம் திட்டத்தில் அதற்குப் பத்தாண்டு ஆயுள், 375-க்கு ஐந்தாண்டு. இதில் எனக்குச் சின்னப் பெருமை ஒன்றும் உண்டு. இந்தச் சாதனம் திருவனந்தபுரம் ஆக்குளத்தில் எச்.எல்.எல். ஆலையில் தயாராகிறது. அமரவிளையில் காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குமுன் போய்ச் சேரும் இடம். ஹார்மோன் வளையத்தையும் அதே நிறுவனம் ‘எமிலி’ என்று விற்கிறது. உறைக்குள் செம்பு கறுத்திருந்தால் பயந்து வீசிவிடாதே. உறை கிழியாமலும் தேதி தாண்டாமலும் இருந்தால் போடலாம்.

யாருக்குக் கூடாது என்கிற பட்டியல் உன் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. இரண்டை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். காரணம் தெரியாத உதிரப்போக்கு என்றால் காரணம் தெரியும்வரை தொடாதே. வெள்ளைப்படுதலோடு அடிவயிற்று வலியும் காய்ச்சலும் இருந்தால் முதலில் வைத்தியம். போட்ட முதல் மூன்று வாரத்தில்தான் தொற்று மேலே ஏறும் ஆபத்து கூடுதல். பால்வினை நோய்க்கு இது காவலில்லை என்பதை வெட்கப்படாமல் சொல்லிவிடு.

நம்மூருக்கே உரிய சிக்கல்கள் சில உண்டு. கணவன் கல்ஃபில் இருப்பான். வருஷத்தில் ஒரு மாதமோ இரண்டு மாதமோ வருவான். “ஆளில்லாதவளுக்கு எதுக்கு இது?” என்று மாமியார் கேட்பாள், கேட்காவிட்டாலும் கேட்டுவிடுவாளோ என்று இவள் பயப்படுவாள். தினம் மாத்திரை போடுவதைவிட இவளுக்கு வளையம்தான் வசதி, டிக்கெட் எடுத்துவிட்டான் என்று தெரிந்தபின் ஓடிவர வேண்டியதில்லை. பாதுகாப்பில்லாமல் சேர்ந்துவிட்டு அலறிக்கொண்டு வந்தாலும் ஐந்து நாளுக்குள் காப்பர் டி போட்டால் கர்ப்பத்தைத் தடுக்கலாம். அவசரத்துக்கு இதைவிடப் பலமான வழி இல்லை. கணவனின் கையெழுத்து எதற்கும் தேவையில்லை. வெளியே பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது வாசலில் நின்று “காப்பர் டிக்கு வந்தவங்க யாரு?” என்று கூப்பிடாதே. இந்த ஒரு சத்தத்தால் திரும்பிப் போனவர்களை நான் அறிவேன்.

இன்னொன்று எல்லை. மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்த 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தமிழ்நாட்டுப் பக்கம் போனது, நெய்யாற்றின்கரை கேரளப் பக்கம் நின்றது. கல்யாணங்கள் அந்தக் கோட்டைப் பார்த்து நடப்பதில்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறவள் குழித்துறையிலோ மார்த்தாண்டத்திலோ பெறுவாள், பிரசவத்தோடு அங்கேயே வளையமும் போட்டிருப்பார்கள், மூன்றாம் மாதம் பிள்ளையோடு களியக்காவிளை தாண்டி உன்னிடம் வருவாள். அவள் கையில் இருப்பது தமிழ் அட்டை. உன் பதிவேடு மலையாளம். அந்தப் பெண்ணின் பத்தாண்டு இந்த இரண்டுக்கும் நடுவில் தொலைந்துபோகக் கூடாது. எந்த வகை, போட்ட தேதி, எடுக்க வேண்டிய ஆண்டு இந்த மூன்றையும் உன் பதிவேட்டிலும் எழுது, அவள் அட்டையிலும் அவள் படிக்கும் எழுத்தில் எழுது. அட்டை இல்லை என்றால் பிரசவ டிஸ்சார்ஜ் சீட்டைக் கொண்டுவரச் சொல். பிரசவத்தோடு போட்டது நழுவி விழும் வாய்ப்பு அதிகம், நூலும் சில வாரம் கழித்துத்தான் கீழே இறங்கும். ஆறாவது வாரம் பார்த்தார்களா என்று கேள், இல்லை என்றால் நீயே பார்த்துவிடு. நூல் காணவில்லை என்றால் முதலில் கர்ப்பப் பரிசோதனை, பிறகு ஸ்கேன். கருவியை உள்ளே விட்டுத் துழாவாதே, நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்கோ திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரிக்கோ அனுப்பு. வளையம் இருக்கும்போதே கர்ப்பம் என்று தெரிந்தால், கரு குழாயில் நிற்கிறதா என்பதை உடனே பார்க்கச் சொல்.

பிரசவத்தோடு போடுவது என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நஞ்சு விழுந்த பத்து நிமிடத்துக்குள், அல்லது 48 மணி நேரத்துக்குள் போடுவது நல்ல வசதிதான். மறுபடி பஸ் ஏறி வர வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சம்மதம் கர்ப்ப காலத்தில் கேட்ட சம்மதமாக இருக்க வேண்டும். இடுப்புவலியில் துடிக்கிறவள் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடுவாள். தனக்குள் வளையம் இருப்பதையே ஆறு மாதம் கழித்து அறிந்த பெண்ணைப் பார்த்திருக்கிறேன். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை. அவளிடம் எத்தனை விளக்கம் சொன்னாலும் காதில் ஏறவில்லை. ஏற வேண்டிய அவசியமும் இல்லை.

வேதக்காரப் பெண்கள் சிலர் தயங்கித் தயங்கி, “இது கருவைக் கலைக்கிறதா?” என்பார்கள். இந்த வாதம் நம் பக்கத்துக்குப் புதிதல்ல. 1935 டிசம்பரில் திருவனந்தபுரத்தில் கூடிய அகில இந்திய மகளிர் மாநாட்டுக்கு அமெரிக்கக் கருத்தடை இயக்கத் தலைவி மார்கரெட் சாங்கரே வந்திருந்தார். கருத்தடைக்கு ஆதரவான தீர்மானத்தைக் கிறிஸ்தவப் பெண் பிரதிநிதிகள் எதிர்த்தார்கள், அதையும் மீறி அது நிறைவேறியது. நீ வாதாடாதே. செம்பு விந்தணுவை முடக்கிவிடுகிறது, முட்டையோடு சேரவிடாமல் தடுப்பதுதான் முதன்மையான வேலை என்று சொல். அவசரத்துக்குப் போடும்போது கரு ஒட்டுவதையும் தடுத்திருக்கக்கூடும் என்பதையும் சொல். மனசாட்சி அவளுடையது, உள்ளதை அறிந்தபிறகு முடிவு செய்யட்டும். வேண்டாம் என்றால் ஆணுறையோ வேறெதுவோ கொடுத்து மரியாதையோடு அனுப்பு.

வலியைப் பற்றியும் பொய் வேண்டாம். “எறும்பு கடிச்ச மாதிரி” என்று சொல்லிப் பழகியவர்கள் நம் தொழிலில் நிறையப் பேர். சிலருக்கு அப்படித்தான் இருக்கும். சிலருக்குக் கண் இருட்டும். 2024-ல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே, போடுமுன் வலியைப் பற்றிப் பெண்ணிடம் பேசித் திட்டமிடுங்கள், மரத்துப்போகச் செய்யும் மருந்தையும் யோசியுங்கள் என்று வழிகாட்டுதலில் எழுதியிருக்கிறது. நிறுத்து என்று அவள் சொன்னால் நிறுத்து.

எல்லாவற்றையும்விட நான் கனமாக நினைப்பது எடுப்பதைத்தான். போடுவதற்குக் காசு கொடுக்கும் திட்டம் 1960-களிலும் இருந்தது. பிரசவத்தோடு போட்டால் போடுகிறவருக்கும் ஆஷா பணியாளருக்கும் 150 ரூபாய் என்று நம் காலத்திலும் வந்தது. எடுப்பதற்கு யாரும் காசு வைத்ததில்லை. அதனால்தான் எடுக்க வருகிறவளை நாம் விசாரணைக் கைதி போல நிறுத்துகிறோம். “எதுக்கு? இன்னும் ஆறு மாசம் பாரு. டாக்டர் வரட்டும். புருஷனைக் கூட்டிட்டு வா.” மகளே, காரணம் கேட்கலாம், மருந்தில் தீரும் உபத்திரவம் என்றால் ஒரு முறை சொல்லலாம். ஒரு முறைதான். “எடுத்துத் தரணும் சிஸ்டரே” என்று அவள் மறுபடி சொன்னால் அன்றைக்கே, அந்த மேசையிலேயே எடுத்துக்கொடு. போடுவதைவிட இது சுலபம்: நூலைப் பிடித்து மெல்ல, நிதானமாக இழுப்பது. எடுத்த உடனே கர்ப்பம் தரிக்கலாம் என்பதை நினைவூட்டு. அப்படிக் கேள்வியில்லாமல் எடுத்துக்கொடுத்த பெண், தன் நாத்தனாரைப் போட்டுக்கொள்ளக் கூட்டிவருவதை நீயே பார்ப்பாய். எந்த விளம்பரப் பலகையும் அந்த ஆளைக் கொண்டுவந்து சேர்க்காது.

வேலையில் சேர்ந்த முதல் வாரம் கருவித் தட்டைத் திறந்து பார். போடும் செட் இரண்டு மூன்று இருக்கும், எடுப்பதற்கான நேரான ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் இருக்காது, அல்லது காயம் கட்டும் அறைக்குப் போயிருக்கும். ஸ்டோருக்கு எழுதிக்கொடுத்து ஒன்று தனியாக வாங்கி, ஆட்டோகிளேவ் செய்து, உன் அலமாரியிலேயே வை.

அன்புடன்,
ஓய்வுபெற்ற பொது சுகாதார நர்ஸ் ஒருத்தி,
பாறசாலை