பேஸ்மேக்கரோடு ஜிம்முக்கு

பேஸ்மேக்கர் வைத்து மூன்று மாதமாகிறது. நடந்தால் ஒன்றுமில்லை, ஜிம் சைக்கிளில் ஏறினால் மூச்சு வாங்குகிறது. உடற்பயிற்சியை விட்டுவிடட்டுமா?
– வாசகர், திண்டுக்கல்

விடவே வேண்டாம். பல பேஸ்மேக்கர்கள் உடம்பு குலுங்குவதை வைத்துத்தான் நீங்கள் உழைப்பதைக் கண்டுகொள்ளும். நின்ற இடத்து சைக்கிளில் கால்தான் சுற்றுகிறது, மார்பு அசைவதில்லை. ‘ஐயா ஓய்வெடுக்கிறார்’ என்று கருவி துடிப்பைக் கூட்டாமல் இருந்திருக்கலாம். டாக்டரிடம் சொல்லுங்கள், கத்தியில்லாமல் வெளியிலிருந்தே கம்ப்யூட்டரில் திருத்திவிடுவார்கள். தலைசுற்றல், நெஞ்சுவலி வந்தால் அன்றே போய்விடுங்கள்.

அதுவரை கைவீசி நடங்கள். கையைத் தோளுக்கு மேல் தூக்காதே என்பதெல்லாம் உள்ளே கம்பி ஊன்றிக்கொள்ளும் முதல் ஆறு வாரத்துக்குத்தான். செல்போன் சட்டைப் பையில் வேண்டாம், பேன்ட் பைக்கு மாற்றுங்கள். கபடி மட்டும் டிவியில் பார்ப்பதோடு சரி!